நாலரை மணிச் சக்கரங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்குத் திருவான்மியூரைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று பாருங்கள். இருட்டுக்குள் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் மினுக்கிக்கொண்டே தெற்கு நோக்கிப் போகும். நான்கைந்து பேராகச் சிலர், பத்துப் பேராகச் சிலர், தனியாகச் சிலர். பேச்சுக் கொடுத்தால் தெரியும்: ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், இன்னொருவர் பல் மருத்துவர், அவருக்குப் பின்னால் வருகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இவர்களில் யாருக்கும் பதக்கமோ பரிசுப் பணமோ வரப்போவதில்லை. கோவளம் வரைக்கும், முடிந்தால் மாமல்லபுரம் வரைக்கும் போய், வெயில் உறைப்பதற்குள் திரும்பி, பிள்ளைக்கு டியூஷன், அம்மாவுக்கு மாத்திரை, ஊறவைத்த துணி என்று வீட்டுக்குள் கரைந்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு அதே இடத்தில் மறுபடியும் வந்து நிற்பார்கள்.

நானும் அவர்களில் ஒருத்தி. வேளச்சேரியில் வீடு, கிண்டியில் அலுவலகம். கணவர், பள்ளிக்குப் போகும் மகள், மாமியார். நான் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். எவ்வளவு தூரம் போவீங்க? சைக்கிள் என்ன விலை? இரண்டுக்கும் பதில் சொல்லிவிடலாம். ஆனால், இந்தப் பழக்கம் நிலைப்பதும் நின்றுபோவதும் அந்தப் பதில்களில் இல்லை. நான் சாலையில் இருக்கும் நேரத்தில் வீட்டில் பால் காய்ச்சுகிறவர் யார், பிள்ளையை எழுப்பித் தலைவாரி விடுகிறவர் யார், முந்தின இரவு 9 மணிக்கே கூடத்து விளக்கை அணைக்கச் சம்மதித்தவர் யார் என்பதில்தான் இருக்கிறது. அமெச்சூர் சைக்கிள்காரரின் பயிற்சித் திட்டத்தை எழுதுவது பயிற்சியாளர் அல்ல, அவர் வீடு.

முந்தின இரவே தொடங்கும் சவாரி

காலைச் சவாரிக்கான வேலை இரவு ஏழரைக்கு ஆரம்பிக்கிறது. சாப்பாட்டை அதற்குள் முடித்தாக வேண்டும். முன்விளக்கு, பின்விளக்கு இரண்டையும் சார்ஜில் போட வேண்டும். டயரில் காற்று பார்க்க வேண்டும். ஜெர்சியின் முதுகுப் பையில் மாற்று டியூப், டயரைக் கிளப்பும் நெம்புகோல், கைப்பம்பு, கொஞ்சம் பணம், வீட்டுத் தொலைபேசி எண்ணும் ரத்தவகையும் எழுதிய சீட்டு. இவ்வளவும் பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் பெரிய பட்டியல்: மகளின் சீருடையும் பள்ளிப்பையும், காலைக்கான காய் நறுக்கல், அத்தையின் சர்க்கரை மாத்திரை, தண்ணீர் கேன், மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப்போக வேண்டியவை. இதெல்லாம் முடிந்தால்தான் நாளை காலை கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகக் கிளம்ப முடியும்.

காலை நாலேகாலுக்கு எழுந்திருக்க வேண்டுமானால் ஒன்பதேகாலுக்குப் படுத்தாக வேண்டும். அத்தை விரும்பிப் பார்க்கும் தொடர் அந்த நேரத்தில்தான் வருகிறது. எங்கள் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் சுவர். நான் விடியலில் கிளம்பும் நாள் என்று தெரிந்தால் அவராகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார். நான் கேட்டதில்லை. அந்தக் குறைந்த சத்தமும் என் பயிற்சியின் பகுதி என்றே நினைக்கிறேன்.

இதை நன்றிக்காகச் சொல்லவில்லை, உடற்கூறு அப்படி. சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு வலுப்பெறுவதில்லை. அந்த நேரத்தில் அது தேய்கிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, தசையில் சேர்த்துவைத்த சர்க்கரை கரைகிறது, நீரும் உப்பும் வியர்வையில் வெளியேறுகின்றன. சவாரி முடிந்து அடுத்த ஓரிரு நாள்களில்தான் உடல் அந்தச் சேதத்தைச் சரிசெய்து, முன்பைவிடச் சற்றே உறுதியாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. தசைச் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசையைச் சுற்றி நுண்ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுவதால், ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு குறைகிறது. இதில் பெரும்பகுதி நடப்பது சாப்பிட்டுத் தூங்கும் வேளையில். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில்.

டூர் டி பிரான்ஸ் வீரர்களுக்கு இது தெரியும். அன்றைய ஓட்டம் முடிந்ததும் அவர்கள் நேரே அணிப் பேருந்துக்குப் போகிறார்கள். சமையல்காரர் இருக்கிறார், தசை பிடித்துவிடுகிறவர் இருக்கிறார், துணி துவைக்கவும் ஆள் இருக்கிறது. படுத்திருப்பதே அவர்களுக்கு வேலை. நாங்கள் சவாரி முடிந்த அரை மணி நேரத்தில் சமையலறையில் நிற்கிறோம், ஒன்றரை மணி நேரத்தில் அலுவலக லிஃப்டில் நிற்கிறோம். கட்டிக்கொள்ள வேண்டிய உடம்புக்கு அந்த நேரத்தை யார் தருவார்கள்? வீட்டில் இருக்கும் இன்னொருவர் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால்தான் கிடைக்கும்.

வார நாள், 35 கிலோமீட்டர்

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்குவேன். காலணியைக் கையில் பிடித்திருப்பேன். பெடலில் மாட்டுவதற்காக அடியில் கிளீட் வைத்த காலணி. மாட்டிக்கொண்டு படியிறங்கினால் கட்டடமே விழித்துவிடும். விஜயநகரில் ஆவின் வண்டி பால் டிரே இறக்கிக்கொண்டிருக்கும். நடைபாதையில் செய்தித்தாள்களைப் பரப்பி இணைப்புகளைச் செருகிக்கொண்டிருப்பார்கள். தரமணி வழியாகத் திருவான்மியூர், அங்கிருந்து நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை. திரும்பி வீடு வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலையில் பயிற்சி என்று எதுவும் செய்ய முடியாது. பேருந்து, தண்ணீர் லாரி, பள்ளி வேன் எல்லாம் இறங்கிவிடும். மே மாதக் கத்திரியில் ஏழு மணிக்கே தார்ச்சாலை அனலடிக்கும். ஆகவே நாலரை மணி என்பது ஆர்வக்கோளாறில் தேர்ந்தெடுத்த நேரம் அல்ல. சென்னையின் போக்குவரத்தும் வெயிலும் எங்களுக்கு விட்டுவைத்திருக்கும் மிச்சம் அது.

மிச்சமாகக் கிடைக்கும் நேரத்தில் எப்படிப் பயிற்சி செய்வது? வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிற தொழில்முறை வீரரின் அட்டவணையை இங்கே பொருத்த முடியாது. எனக்குக் கிடைப்பது வார நாள்களில் இரண்டு காலை, ஞாயிறன்று ஒரு நீண்ட காலை. செவ்வாயன்று இன்டர்வெல்: ஐந்து நிமிடம் மூச்சு முட்ட மிதி, மூன்று நிமிடம் ஆற்று, மறுபடி மிதி. வியாழனன்று சீரான ஓட்டம். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்பதே அதற்கு அளவுகோல். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்களிடம் நான் மறுபடி மறுபடி சொல்வது இதைத்தான்: மெதுவாகப் போக வேண்டிய நாளில் மெதுவாகப் போங்கள். யாரோ முந்திப் போகிறார் என்று ரோஷப்பட்டு விரட்டினால், அன்றைய சவாரி கடினமும் இல்லாமல் எளிதும் இல்லாமல் நடுவில் தொங்கும். களைப்பு மட்டும் மிஞ்சும்.

வாட் கணக்கும் இருக்கிறது. பெடலிலோ கிராங்கிலோ பொருத்தும் பவர் மீட்டர், நாம் எத்தனை வாட் திறனில் மிதிக்கிறோம் என்று காட்டும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய உச்சத் திறனை எஃப்டிபி என்கிறார்கள். ஒரு மணி நேரம் முழுக்க முழுக்கத் திணறுவதற்குப் பதிலாக, 20 நிமிடம் முடிந்த மட்டும் மிதித்து, அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். பயனுள்ள எண்தான். ஆனால், அந்தக் கருவி வாங்கும் பணத்தில் நல்ல ஹெல்மெட், நல்ல விளக்கு, நல்ல டயர் மூன்றும் வாங்கிவிடலாம். முதலில் அவற்றை வாங்குங்கள் என்பதே என் கட்சி.

மலையில்லா ஊரின் மலை

சென்னை தட்டையான ஊர். ஏற்றம் பழக வேண்டுமென்றால் பரங்கிமலை இருக்கிறது. ஏறக்குறைய 300 அடி. மற்றபடி மேம்பாலங்கள்தான். உண்மையான மலை வேண்டுமென்றால் 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிக்கோ, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ போக வேண்டும். குடும்பத்தோடு சுற்றுலா என்று கிளம்பி, காரின் பின்னால் சைக்கிளையும் கட்டிக்கொண்டு போவோம். காலையில் நான் ஏறி இறங்கும்வரை மற்றவர்கள் தூங்கட்டும் என்பது ஏற்பாடு.

மலை இல்லாத குறையைக் கடற்கரைச் சாலையில் காற்று தீர்த்துவைக்கிறது. தட்டையான சாலையில் சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. காற்றில்லாத வேளையில் வேகத்தை இரட்டிப்பாக்க, காற்றுத் தடைக்கு மட்டும் எட்டு மடங்கு திறன் தேவைப்படும். அதனால்தான் வரிசையாக ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகிறோம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னவர் விலகிப் பின்னால் வருவார்; அடுத்தவர் முன்னால் போவார். குழியைக் கண்டால் கையை நீட்டிக் காட்ட வேண்டும், திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. முன் டயருக்கும் அடுத்தவரின் பின் டயருக்கும் நடுவே ஓரடி இரண்டடி இடைவெளியில் போகும்போது, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரிடம் நம் பற்களையும் தோள்பட்டை எலும்பையும் ஒப்படைத்திருக்கிறோம். அந்த நம்பிக்கை எனக்கு மிகப் பிடித்திருக்கிறது.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று திரும்பிவிட்டால், தெற்கே போகும்போது முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும். புதிதாக வந்தவர்கள் கால் தேறிவிட்டது என்று பூரிப்பார்கள். மாமல்லபுரத்தில் பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அறையும். ஆகவே கார்த்திகை, மார்கழியில் போகும் வழியிலேயே பாதிக்கு மேல் தெம்பை எடுத்துவைக்க வேண்டும். முட்டுக்காட்டுப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி. அங்கே ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து உடம்பைச் சற்றே சாய்த்துப் போக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் வண்டி இழுக்கும்.

அதைத் தாண்டிவிட்டால் சாலை அழகு. கோவளம், திருவிடந்தைப் பெருமாள் கோயில், வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை, சாளுவன்குப்பத்துப் புலிக்குகை. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே வெளுக்கிறது கிழக்கு. அந்த அழகைச் சொல்லும்போது நாய்களையும் சொல்லிவிட வேண்டும். துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, அதட்டி, வேண்டுமானால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவே வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

இந்தச் சாலையில் எங்களுக்கு முன்பிருந்தே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இரவுக் காவல் முடித்து வீடு திரும்பும் செக்யூரிட்டி ஊழியர், பின்சீட்டில் டீ கேன் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போகிறவர், கரைக்குப் போகும் மீனவர். எங்களிடம் இருக்கும் விளக்கோ ஒளிரும் மேல்சட்டையோ அவர்களிடம் இல்லை. அவர்கள் ஒருநாள் ஓட்டும் தூரம் எந்தச் செயலியிலும் பதிவாவதில்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. நடைபாதைகள் சில சாலைகளில் அகலமாகின. சைக்கிளுக்கான பாதை இன்னும் காகிதத்தில்தான் நீளமாக இருக்கிறது. அது வரும் நாளில், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற எங்களுக்காக அல்லாமல், தினமும் வேலைக்கு ஓட்டுகிற அவர்களுக்காக வர வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பான பாதை எங்களுக்கும் பாதுகாப்பானதாகவே இருக்கும்.

299 நிமிடமும் 97 நிமிடமும்

அந்தச் சிவப்பு விளக்குகளில் பெண்கள் குறைவு. முன்பைவிட இப்போது கூடியிருக்கிறோம் என்றாலும் குறைவுதான். இருட்டுப் பயம், சாலைப் பயம், உடை பற்றிய பேச்சு என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மை. ஆனால் முதல் காரணம் காலை ஐந்து மணி என்ற நேரமே. அது ஆண்களுக்குத் தூங்கும் நேரம். விட்டுக்கொடுத்தால் போவது அவர்களின் தூக்கம் மட்டும். பெண்களுக்கு அது வேலை தொடங்கும் நேரம். விட்டுக்கொடுத்தால் வீட்டின் காலையே நின்றுபோகும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. ஒரு நாளில் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்டவர்களுக்குள்ளும் பெண்கள் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்குள்தான் ஒரு பெண்ணின் மாமல்லபுரம் சவாரி சிக்கிக் கிடக்கிறது.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு சைக்கிள் புதிதும் அல்ல, சிறிய விஷயமும் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடி ஊழியர்களுமாக ஆயிரமாயிரம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு, பேருந்துக்கும் ஆண் துணைக்கும் காத்திராமல் தங்கள் வேலைக்குப் போனார்கள். அதற்குப் பத்தாண்டு கழித்து, 2001-02-ல் அரசு மாணவிகளுக்கு இலவச மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. பிறகு மாணவர்களுக்கும் விரிந்தது. கிராமத்துப் பள்ளி விடும் நேரத்தில் சாலை நிறைய இரட்டைப் பின்னல்கள் சைக்கிளில் வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண்கள் எல்லாம் திருமணத்துக்குப் பிறகு சைக்கிளை எங்கே வைத்தார்கள்? வேலைக்காக ஓட்டும்போது அனுமதித்த சமூகம், தனக்காக ஓட்டுகிறேன் என்று அவள் சொல்லும்போது ஏன் தயங்குகிறது? இந்தக் கேள்வியை நான் சும்மா விடுவதாக இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு நாள் நடந்த பேச்சு இது. கணவர் நல்லவர், உதவுகிறவர். "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" என்பார்.

"சொல்றதுதாங்க பாதி வேலை" என்றேன். "ஞாயித்துக்கிழமை ஒம்பதரை வரைக்கும் வீடு உங்களோடது. நான் எதையும் எழுதி வைக்க மாட்டேன்."

"பாப்பாவுக்கு என்ன குடுக்கறது?"

"ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்க. நானும் அப்படித்தான் பாக்கறேன்."

அவர் அதைப் புரிந்துகொண்டார். இப்போது ஞாயிறு காலை ரவா உப்புமாவும் தேங்காய்ச் சட்னியும் அவர் பொறுப்பு. மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும் அவரே. பதிலுக்கு சனிக்கிழமை மாலை அவருடைய கேரம் நண்பர்களுக்காக. அன்று நான் எங்கும் போவதில்லை. இந்தப் பங்கீட்டில் யாரும் யாருக்கும் சலுகை செய்யவில்லை.

அத்தையின் கவலை வேறு. "போறது சரிம்மா. நீ போனப்புறம் எனக்குத் தூக்கம் வராது. எங்க இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். நான் இருக்கும் இடத்தைக் கைபேசியில் அவருக்குப் பகிர்ந்து, அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். இப்போது அவர் பூஜைக்குப் பூ தொடுத்தபடியே, வரைபடத்தில் ஒரு நீலப்புள்ளி தெற்கே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை கானத்தூருக்குப் பக்கத்தில் டயரில் கம்பித்துண்டு ஏறிவிட்டது. லாரி டயர் வெடித்துச் சிதறும் மெல்லிய இரும்புக் கம்பி. இந்தச் சாலையில் பாதிப் பஞ்சர் அதனால்தான். டியூபைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"ஏம்மா நிக்குறே?"

"பஞ்சர் அத்தை. டியூப் மாத்திட்டிருக்கேன்."

"வெளிச்சம் இருக்கற பக்கமா நின்னு மாத்து. ரோட்டுக்கு முதுகைக் காட்டாதே."

எங்கள் குழுவில் எல்லோருக்கும் சொல்லித்தரும் பாதுகாப்பு விதியும் அதுவே. வருகிற வண்டியைப் பார்த்தபடிதான் வேலை செய்ய வேண்டும்.

சமையலறைக் கணக்கு

ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் சவாரிக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகள் கிடைக்கின்றன. ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. தோலை வீசினால் ஆடு தின்னும். கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், வெல்லம் போட்ட அவல் உருண்டை எல்லாமே வேலை செய்கின்றன. சென்னைப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்ப்பது சாதாரணம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் உப்புக் குறைந்து தலை சுற்றும். ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் தண்ணீர். திரும்பி வந்ததும் நீர்மோர்.

பெண்கள் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) 15 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்கு ஆக்சிஜன் குறையும். எத்தனை இன்டர்வெல் போட்டாலும் முன்னேற்றம் வராது, சோம்பேறித்தனம் என்று நாமே நம்மைத் திட்டிக்கொள்வோம். நீண்ட தூரம் பழகத் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சாப்பாட்டோடு காபியோ டீயோ குடித்தால் அது இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் கூடவே சேர்ந்தால் உதவும். சாப்பிட்டவுடன் குடித்துவந்த காபியை எங்கள் வீட்டில் இப்போது எல்லோருமே ஒரு மணி நேரம் தள்ளிவைத்திருக்கிறோம்.

சைக்கிள் நிற்பது பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே. கடல்காற்றின் உப்பு செயினையும் திருகாணிகளையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். ஞாயிறு மதியம் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். செயின் தேய்ந்து நீண்டிருக்கிறதா என்று பார்க்கச் சின்ன அளவுகோல் இருக்கிறது. காலத்தில் செயினை மாற்றினால், அதைவிட விலை கூடிய பின் பல்சக்கரம் தப்பிக்கும். மகளுக்கு இதில் ஆர்வம். உப்புத்தாளால் டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது உலரும்வரை பொறுத்திருந்து ஒட்டுப்போட அவளுக்கு வரும். பொறுத்திருப்பதுதான் அதில் கஷ்டம். தெருமுனைப் பஞ்சர் கடையில் எங்கள் டியூபின் மெல்லிய வால்வுக்குக் காற்றுப்பிடிக்க முடியாது என்பதால், ஒரு பித்தளை அடாப்டர் எப்போதும் கூட இருக்க வேண்டும் என்பதையும் அவளே ஞாபகப்படுத்துவாள்.

அடுத்தது 300

மாமல்லபுரம் பழகிவிட்டால் பலரும் பிரெவே பக்கம் திரும்புகிறார்கள். நீண்ட தூரத்தைக் குறித்த நேரத்துக்குள், வெளி உதவியில்லாமல் முடிக்கும் சவாரி அது. பிரான்சின் ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகமெங்கும் நடக்கிறது. இங்கே ஓடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் பொறுப்பு. 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லோரும் முடித்தவர்களே. ஒரே ஆண்டில் நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர். இந்த மரபின் தாய்ச்சவாரி பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்: 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது, இன்று அமெச்சூர்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது, 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 2023-ல் நடந்தது, அடுத்தது 2027-ல். தமிழ்நாட்டிலிருந்தும் போகிறார்கள்.

பதிமூன்றரை மணி நேரத்தில் 200 என்றால், சாப்பாடும் ஓய்வும் பஞ்சரும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவான சராசரி. வேகம் தேவையில்லை. பொறுமையும், நேரத்துக்குச் சாப்பிடுவதும், தேவையில்லாமல் கடைகளில் உட்காராமல் இருப்பதும் தேவை. வீட்டை நடத்துகிறவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த கலை என்பதால், நடுத்தர வயதுப் பெண்கள் இதில் நன்றாக வர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். தெற்கே ஆலம்பரைக் கோட்டை இருக்கும் கடப்பாக்கம் பக்கம் வரை போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 200. அதை விடியலில் தொடங்கி மாலைக்குள் முடித்துவிட முடியும். வீட்டுக்கு ஒரு ஞாயிறு செலவு. அந்தத் தூரம் எங்களுக்குப் பழகிவிட்டது.

300 வேறு. 20 மணி நேரத்தில் பெரும்பங்கு இருட்டு வந்துவிடும். மறுநாள் தூங்கி எழ வேண்டும் என்பதால் வீட்டுக்கு இரண்டு நாள் கணக்கு. போன வாரம் நாள்காட்டியை நடுவில் வைத்துக்கொண்டு நால்வரும் உட்கார்ந்தோம். டிசம்பரில் மகளுக்கு அரையாண்டுத் தேர்வு, வேண்டாம். மார்ச்சில் கணவருக்கு அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. மிச்சமிருப்பது பொங்கலுக்குப் பிந்தைய வாரம். அப்போது வடகிழக்குக் காற்று முழுதாக அடங்கியிருக்காது, திரும்பும் வழி முகத்தில்தான் அடிக்கும். பரவாயில்லை, அதற்கு இப்போதிருந்தே பழகலாம் என்று அந்த வாரத்துக்கு வட்டம் போட்டாயிற்று. இரவில் ஓட்டிப் பழகுவதற்கு வெள்ளிக்கிழமை இரவுகள். சனிக்கிழமை காலை மகளைப் பாட்டு வகுப்புக்குக் கொண்டுவிடும் வேலை கணவருக்குப் போகிறது. அத்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ராத்திரியில் தனியாகப் போகக் கூடாது, கூட இரண்டு பேராவது வேண்டும். குழுவில் கேட்டேன். அடையாறிலிருந்து ஒருவரும் மேடவாக்கத்திலிருந்து ஒருவரும் வருகிறார்கள், இருவரும் பெண்கள். அவர்களும் தங்கள் வீட்டில் நாள்காட்டியை எடுத்து வைத்துப் பேசிவிட்டுத்தான் சரி என்றார்கள்.